ஏழு மணிக்குள்ள பத்திக்கணும்

…இல்ல தம்பி, நீயே சொல்லு. நேத்து சாயங்காலம் அஞ்சு மணி. சாவிய ஒரே ஒரு திருப்பு. டக்டக்டக்டக்னு தையல் மெஷின் மாதிரி ஓடிச்சு. நீ கூட ஒன் வீட்டு ஜன்னல்லேர்ந்து எட்டிப் பாத்தே. நீ பாத்தத நான் பாத்தேன். இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு இந்த எஞ்சினுக்கு? இரு, மறுபடி திருப்பறேன், கேளு… ர்ர்ர்… ர்ர்ர்… ர்ர்ர்… கேட்டியா? சுத்துது. ஜம்முனு சுத்துது. ஆனா பத்த மாட்டேங்குது! முன்னூத்தி அறுவத்தஞ்சு நாள்ல இதுக்கு இன்னைக்குத்தான் நாள் கெடச்சுதா?

மணி என்ன? ஆறு இருவதா? ஐயையோ.

ஏறு, ஏறு, உள்ள வா ஹாம்புஸ். துறையில நின்னுக்கிட்டு என்னத்த வேடிக்கை பாக்கறே. பக்கத்து வீட்டுக்கு மே மாசமே குடி வந்தாச்சு, இன்னும் ஒரு நாள் கூட என் படகுல கால் வெக்கல நீ. பாத்து… பாத்து வெய்யி, அங்க கயிறு கெடக்கு. அந்தக் கூடு மேல ஒக்காராதே! சிங்கி இறால் புடிக்கற கூடு, ஆறும் எங்க வீட்டுக்காரர் கையால பின்னினது. அந்த பெஞ்சுல ஒக்காரு. ஆங். இந்த டார்ச்சப் புடி. என் மூஞ்சிக்கு இல்லப்பா, எஞ்சினுக்கு!

ஒன் படகு எங்க? ஓ, பின்னாடியே கட்டியிருக்கியா. பரவால்லயே, கூடெல்லாம் ஏத்திட்டே. கடையில வாங்கினது. மஞ்சளா, புத்தம் புதுசா… வெலச் சீட்டு கூட கிழிக்கலயே? சிங்கி இறால் வந்து வெலயப் படிச்சுட்டுப் போயிடும். சரி, எங்க எறக்கப் போறே? தெரியாதா? எப்படித் தெரியும், போராஸ்லேர்ந்து வந்தவன் நீ. போராஸ்ல கடலா இருக்கு? இங்க ஒருத்தனும் சொல்லிக் குடுக்கவும் மாட்டான். இந்த ஊர்ல ஒருத்தன் தன் பொண்டாட்டி வயசச் சொல்லுவான், பேங்கு ரகசிய நம்பரச் சொல்லுவான், கூடு எறக்கற எடத்த மட்டும் சொல்ல மாட்டான். கேட்டா, "அதோ அங்க"ம்பான். கடல் பூரா காட்டுவான் கையால.

நானும் அப்படித்தான். கேட்டுடாதே. என் வாயிலேர்ந்து ஒரு சொல் வராது.

இப்ப பாரு, மொதல்ல பெட்ரோலு. எஞ்சின் எடுக்கலன்னா மொதல்ல என்ன பாக்கணும்? பெட்ரோல் வருதான்னு. வருது. மோந்து பாரு. பாரேன், கிட்ட வா… என்ன மூக்கச் சுளிக்கறே, ரோஜாப்பூவா வெச்சிருப்பாங்க உள்ள? இப்பல்லாம் பெட்ரோலே பெட்ரோலா இல்ல. என்னத்தயோ கலக்கறாங்க, கோதுமையிலேர்ந்து எடுத்த சாராயமாம். எஞ்சினுக்கு எதுக்குச் சாராயம்? எங்க கொழுந்தன் ஸ்தூரே இருக்கானே, அவனுக்கு ஊத்தினாலாவது ரெண்டு பாட்டுப் பாடுவான்.

பெட்ரோல் வருது, காத்து போகுது, பேட்டரி சுத்துது. அப்ப என்ன பாக்கி? நெருப்பு! நெருப்புப் பொறி வரல. அம்பது வருஷத்துக்கு மேல ஆன எஞ்சினு தம்பி, ஒன்ன விட மூத்தது, மரியாதையா ஒரு பொறி கேக்குது, அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. இந்தா, இந்த பிளக்கக் கழட்டிட்டேன். இத ஒயரோட சேத்து எஞ்சின் ஒடம்புல ஒட்டிப் புடி. புடி, பயப்படாதே. ரப்பரப் புடி, இரும்பப் புடிக்காதே. நான் திருப்பறேன், நீ முனையப் பாரு. ர்ர்ர்… ர்ர்ர்… வந்துச்சா? நீல நெறத்துல? ஒண்ணுமில்லயா? மஞ்சள்ல கூட இல்லயா? நல்லாப் பாத்தியா? கையில சுருக்குனு ஏதாவது? ஒண்ணுமே இல்லயா. ச்சே. ஒனக்கு ஷாக் அடிச்சிருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பேன் தெரியுமா.

ஏன் நெளியறே? பெஞ்சுக்கு அடியில குத்துதா? நகந்து ஒக்காரு. மரப்படகுல பத்து எடத்துல குத்தும். ஒன் படகு மாதிரி பிளாஸ்டிக் சோபாவா இது.

மணி? ஆறு இருவத்தாறு. அதோ போறாங்க பாரு, டோரிஸும் அவ மகனும். கை காட்டறா. காட்டு, காட்டு, பல்லக் காட்டிட்டுப் போ. இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு முன்னாடி ஒரு கூட்டக் கூட தண்ணியில எறக்கக் கூடாது, தெரியும்ல? செப்டம்பர் இருவதுக்கு அப்புறம் வர்ற மொதல் திங்கக்கெழம, காலையில ஏழு. அதுக்கு முன்னாடி எறக்கினா கடலோரப் போலீஸு வந்துரும். ஆனா போய் நிக்கலாம். எல்லாரும் ஆறரைக்கே போய் அவங்கவங்க எடத்துல நின்னுக்கிட்டு, கூட்ட மடியில வெச்சுக்கிட்டு, கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஏழு அடிச்சதும் தொபுக்கு தொபுக்குனு… எவன் மொதல்ல போட்டானோ அவன் எடம். ரெண்டாவதா போறவன் வாய மூடிட்டு அடுத்த பக்கம் போகணும். இதுதான் இங்க வழக்கம். எழுதி வெக்கல, ஆனா மீறினா அந்த ஆளுக்கு ஊர்ல யாரும் காப்பி ஊத்த மாட்டாங்க.

அந்தத் துணிய எடு. ஒன் பெஞ்சுக்கு அடியில பெட்டி இருக்கு, குனி, கைய விடு… ஆங், அதுதான். என்ன? அடியில என்னமோ இருக்கா? இருக்கும், ஆயிரம் இருக்கும். எங்க மாமனார் காலத்துச் சாமானெல்லாம் அதுக்கடியிலதான் கெடக்கு. துணியக் குடு மொதல்ல.

இது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. நாலு காது, நடுவுல ஒரு காது. இதுக்குள்ள ஈரம் ஏறிடுச்சுன்னா பொறி வராது, அங்கயே செத்துப் போயிடும். அதனால நான் என்ன பண்ணேன், அஞ்சே முக்காலுக்கே இதக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டு ஓடி, அடுப்புல வெச்சு அம்பது டிகிரில பத்து நிமிஷம் சுட்டு எடுத்துட்டு வந்தேன். சிரிக்காதே! இங்க எல்லாரும் செய்யறதுதான். கூடவே லவங்கப்பட்டை போட்ட ரொட்டியும் வெச்சேன், அடுப்ப எதுக்கு சும்மா எரிக்கணும். அந்தப் பொட்டலத்துல இருக்கு, எடுத்துக்கோ. சூடா இருக்கும். தின்னுட்டே டார்ச்சப் புடி. லேசா பெட்ரோல் வாசன வரும், ஒண்ணும் பண்ணாது.

எங்க வீட்டுக்காரர் பெர்தில், அடுப்பங்கரையில ஒக்காந்துட்டு, மூடிய நான் அடுப்புல வெக்கறத ஒரு பார்வை பாத்தார் பாரு. பேசல. அவர் பேசவே மாட்டார். நாப்பத்தோரு வருஷத்துல அவர் பேசினத ஒரு மத்தியானத்துல பேசி முடிச்சிடலாம். முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் ஆச்சு, படகுல ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதனாலதான் இந்த வருஷம் நான். இல்லன்னா என்னைக் கிட்டயே சேக்க மாட்டார். ஒவ்வொரு வருஷமும் இந்தத் திங்கக்கெழம தனியாத்தான் போவார், தனியாத்தான் வருவார். மறுநாள் கூட்டத் தூக்கினா ஆறு கூட்டுல அஞ்சு கூட்டுலயாவது சிங்கி இறால் இருக்கும். ஊரே வாயில கை வெக்கும். எங்கன்னு கேட்டா, "தண்ணிக்குள்ள"ம்பார். என்கிட்டயே, தம்பி! கட்டின பொண்டாட்டிகிட்ட!

அது எங்க மாமனார் எடம். அவர் சாகறப்ப மூத்த பையனக் கூப்ட்டு காதுல சொல்லிட்டுப் போனார். எளையவன், இந்த ஸ்தூரே, கதவுக்கு அந்தப் பக்கம் காத வெச்சுக்கிட்டு நின்னான், ஒண்ணும் கேக்கல. அன்னைலேர்ந்து அவன் வேலையே இதுதான். அண்ணன் எங்க போறார்னு பாறை மேல ஏறி தூரக்கண்ணாடி வெச்சுப் பாக்கறது. அதோ பாரு, அவன் படகு இன்னும் கட்டித்தான் கெடக்கு. ஏன் போகல? சொல்லு? நான் கெளம்பினதும் பின்னாடியே வரத்தான்! இங்கதான் எங்கயோ பதுங்கிட்டு இருப்பான். எனக்குத் தெரியாதா.

மூணு வாரத்துக்கு முன்னாடி பெர்தில் என்னைக் கூப்ட்டு, மேஜை மேல பைபிள வெச்சு, கைய வைய்யின்னார். வெச்சேன். கல்யாணத்தன்னைக்குக் கூட அவ்ளோ பயபக்தியா வெக்கல. அப்புறந்தான் சொன்னார். சொல்லிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "மாய்பிரித், இத இத்தன நாள் ஒன்கிட்ட சொல்லாததுக்குக் காரணம் ஒன் வாயி"ன்னார். என் வாய்க்கு என்ன? நீ சொல்லு தம்பி, என் வாய்க்கு என்ன? ஏதோ மனுஷாளப் பாத்தா நாலு வார்த்த பேசுவேன். அது ஒரு குத்தமா? "இந்த வருஷம் ஏழு மணிக்கு நம்ம கூடு நம்ம எடத்துல இருக்கணும். யாருக்கும் தெரியக் கூடாது. இதுல ஏதாவது ஒண்ணு தப்பினாலும் அடுத்த வருஷத்துக்கு ஸ்தூரேகிட்ட சொல்லிடப் போறேன், அவனாவது ஊமையா இருப்பான்"ன்னார். எனக்கு எப்படி இருக்கும்? வயிறு எரியுது தம்பி. நாப்பத்தோரு வருஷம் அந்தாளுக்கு மீன் ஆஞ்சு குடுத்த கை இது.

அதனாலதான் சொல்றேன். ஏழு மணிக்கு நான் அங்க இருந்தாகணும்.

மூடிய மாட்டியாச்சு. திருப்பறேன்… ர்ர்ர்… ர்ர்ர்… ம்ஹூம். இல்ல. கழட்டு மறுபடி. பாயின்ட்டப் பாப்போம். இந்த ரெண்டு சின்ன இரும்பு மூக்கும் ஒண்ண ஒண்ணு தொட்டுத் தொட்டு விலகணும். கரி புடிச்சா தொட்டாலும் தொடாத மாதிரிதான். எங்க வீட்டுல நானும் அவரும் மாதிரி. என் நகம் தேய்க்கற அரம் எங்க… பையில… ஆங். இதவிட ஒசத்தியான அரம் எந்தப் பட்டறையிலயும் கெடையாது. தேய்க்கறேன் பாரு, மெதுவா… இப்ப இடைவெளி. பழைய விசிட்டிங் கார்டு ஒண்ணு உள்ள போனா சரி. பல் டாக்டர் கார்டு இது. போகுது. இறுக்கமாப் போகுது. சரியா இருக்கு!

நேரா வை டார்ச்ச. ஏன் திரும்பித் திரும்பி சர்ச்சப் பாக்கறே? ஓ, மணி பாக்கறியா. மணி மட்டும் பாரு, கோபுர உச்சியில காத்துக்குத் திரும்பற அந்தத் தகரச் சேவலப் பாக்காதே, எனக்கு ரத்தம் கொதிக்குது. அந்தச் சேவல எறக்கி சாயம் அடிக்கப் போறாங்களாம், சர்ச் கமிட்டில முடிவு பண்ணியிருக்காங்க. ரெண்டு வருஷம் ஆகுமாம் திருப்பி ஏத்த. ரெண்டு வருஷம்! மீட்டிங்ல எழுந்து கத்திட்டேன். சேவல் இல்லாம நான் எப்படி நிக்கறது? கடல்லேர்ந்து பாக்கறப்ப பூனைப்பாறை தலை மேல அந்தச் சேவல் வந்து ஒக்காந்தாத்தானே நேர் சரியா இருக்கு… அது வந்து… பொதுவாச் சொன்னேன். கப்பல்காரங்களுக்கு. கப்பல்ல போறவங்களுக்கு அடையாளம் வேணும்ல? அதுக்காக. நீ ஒண்ணும் கேக்கல.

என்ன? கையக் காட்டறே? பெஞ்சுக்கு அடியிலயா? விடுப்பா, எலி கூடு கட்டியிருந்தாலும் இன்னைக்கு விட்டுடு. நாளைக்குப் பாப்போம்.

திருப்பறேன்… ர்ர்ர்… இல்ல. அடப் பாவி எஞ்சினே!

ஆறு முப்பத்தி ஒம்பது. ஒருத்தரும் இல்ல துறையில, பாத்தியா? நான், நீ, அப்புறம் ஸ்தூரேவோட காலிப் படகு. நீ எதுக்கு இன்னும் ஒக்காந்திருக்கே? போறதுன்னா போ. போயி எங்கயாவது போடு. ஒன் பேட்டரிப் படகு சத்தமே போடாது, சாவி திருப்பற வேலயும் இல்ல, பிளக்கும் இல்ல, பாயின்ட்டும் இல்ல. ஃபிரிட்ஜுக்குள்ள ஒக்காந்து போற மாதிரி. எனக்கெல்லாம் அது படகே இல்ல தம்பி, தப்பா எடுத்துக்காதே. ஆனா இரு, போயிடாதே, டார்ச்ச யார் புடிப்பா.

அடுத்தது காயில். இந்த உருண்ட டப்பா. இதுலேர்ந்துதான் பெரிய கரன்ட்டு வருது. இது செத்துதுன்னா எல்லாம் செத்துது. இதுக்கு வேற ஒண்ணு வாங்கி வைங்கன்னு பத்து வருஷமா சொல்றேன். வாங்க மாட்டார். ஆனா தூரக்கண்ணாடி மட்டும் போன மாசம் புதுசு வாங்கினார், ஜெர்மனிலேர்ந்து. இப்பவும் அடுப்பங்கரை ஜன்னல்ல ஒக்காந்து அதுலதான் பாத்துட்டிருப்பார், நான் எப்ப கெளம்பறேன்னு. ராத்திரில கட்டில் வெளக்கு எரியல எரியலன்னு ஒரு மாசமாப் புலம்பறார் வேற. வெளக்கு எரியலன்னா தூங்க வேண்டியதுதானே? எனக்கென்ன தெரியும் அது ஏன் எரியலன்னு… சரி, அத விடு.

தூரக்கண்ணாடின்னதும் ஞாபகம் வருது. நம்ம டீச்சரம்மா லில்லேமோர் இருக்காளே, கரை முனையில செவப்புப் படகுக்கொட்டா, வெள்ள ஜன்னல் வெச்சது… அந்த ஜன்னலுக்கு முன்னாடி ஒரு ஆப்பிள் மரம் நட்டிருக்கா! என்ன அறிவு பாரு. இன்னும் மூணு வருஷத்துல அது வளந்து ஜன்னல மறைச்சுடும். மறைச்சா, முனைக்குப் பின்னாலேர்ந்து அந்த ஜன்னல் தலகாட்டறது எப்படித் தெரியும்? நேர் ஒண்ணு இருந்தா போதுமா, குறுக்க ஒண்ணு வேண்டாமா? ராத்திரில போயி உப்புத் தண்ணி ஊத்திடலாமான்னு கூட யோசிச்சேன். ஆப்பிள் தர்றேங்கறா, நல்லவதான், ஆனா மரத்த வேற எங்கயாவது… நான் என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், காயில்.

டெஸ்ட் லாம்பு எடு. அந்தச் சின்ன பல்பு, ரெண்டு ஒயர் தொங்குதே. ஒரு முனைய எஞ்சின் இரும்புல கவ்வ வை. இன்னொரு முனைய நான் காயில் தலையில வெக்கறேன். சாவி போட்டாச்சு. எரியுதா? எரியல. இரு, நல்லா அழுத்தறேன். எரியுதா? எரியலயா! அப்ப… அப்ப பாரு தம்பி, பிளக்கு மேல தப்பில்ல, மூடி மேல தப்பில்ல, பாயின்ட்டு மேல தப்பில்ல. காயிலுக்கே கரன்ட்டு வரல! சாவிக்கும் காயிலுக்கும் நடுவுல எங்கயோ அறுந்திருக்கு. அறுந்திருக்கா, அறுத்திருக்கானா? ஸ்தூரே! அவன்தான்! வேற யாரு செய்வா? நேத்து ராத்திரி வந்து ஒயர அறுத்துட்டுப் போயிருக்கான் கடங்காரன்! ஆகஸ்ட்லயே ஒரு நாள் இந்தப் படகுக்குள்ள வந்து மேப்பப் புரட்டிட்டிருந்தான், கையும் களவுமாப் புடிச்சேன். "காத்து எப்படின்னு பாக்க வந்தேன் அண்ணி"ங்கறான். மேப்புல எங்கடா காத்து?

நீ என்ன மறுபடி மறுபடி வாயத் தொறக்கறே? பெஞ்சுதானே? பெஞ்சப் பத்திப் பேசற நேரமா இது? பெரியவங்க பேசறப்ப நடுவுல பேசக் கூடாது. போராஸ்ல சொல்லிக் குடுக்கல? ரொட்டியத் தின்னு.

ஆறு நாப்பத்தஞ்சு. இந்த ஒயர் எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கணும். நான் தலைய உள்ள விடறேன். ஐயோ, இடுப்பு… டார்ச்ச எனக்குக் குடு, வாயில கவ்விக்கறேன். ம்… ம்ம்… த்தூ. அத வாயில வெச்சா பேச முடியல. கையிலயே வெச்சுக்கறேன். செவப்பு ஒயரு… இது சாவிலேர்ந்து வருது… இது வெளக்குக்கு… இது தண்ணி எறைக்கற பம்ப்புக்கு… எல்லாத்தயும் செவப்புலயே போட்டு வெச்சிருக்கார் மகானுபாவன். பேசாத ஆளுக்கு நெறமும் ஒண்ணு போதும்.

பன்னெண்டு ஸ்பேனர் குடு தம்பி. ஆங். நல்ல பையன் நீ. வந்த அன்னைக்கே பெர்தில்கிட்ட சொன்னேன், இந்தப் பையன் நல்ல பையன், சொன்னதக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கான்னு. இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் காது கெடையாது, ஒனக்குத்தான் இருக்கு. அதனால ஒனக்கு ஒரே ஒரு யோசன சொல்றேன், எடமெல்லாம் இல்ல, பொதுவா ஒரு யோசன. கயிறு. ஒன் கூட்டுல நாப்பது மீட்டர் கயிறு கட்டியிருக்கே, நான் பாத்தேன். எதுக்கு நாப்பது? மிதவை அலைஞ்சு எவனாவது மோட்டார்ல சுத்திக்கும். இருவத்தஞ்சு போதும். பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு இருவத்தஞ்சு மீட்டர் கயிறு, அதுதான் கணக்கு. பதினெட்டுல பாறை. பதினேழுல பாசி. பத்தொம்பதுன்னா வெறும் சேறு, ஒண்ணும் இருக்காது. அந்தப் பாறை மேல சரியா ஆறு கூடு வெக்கலாம், ஏழாவதுக்கு எடமில்ல… எங்கன்னு கேக்காதே. செத்தாலும் சொல்ல மாட்டேன்.

ஏன் படகு ஆடுது? எந்திரிச்சியா? கால் மரத்துப் போச்சா? கொஞ்சம் நட, கொஞ்சம் நட. நான் இந்த ஒயரப் புடிச்சுட்டேன். இது பின்பக்கமாப் போகுது பாரேன்… எதுக்குப் பின்பக்கமாப் போகுது? காயில் இங்க இருக்கு. இது ஏன் பெஞ்சுப் பக்கம்… இது புது ஒயரா இருக்கே? யாரு போட்டது இத? தம்பி, அந்தப் பக்கம் ஒயர் எதாவது தெரியுதா பாரு. தம்பி? …கோவமா? நடுவுல பேசாதேன்னு சொன்னேன்னு கோவமா? சரி சரி, நான் கொஞ்சம் படபடன்னு பேசுவேன், மனசுல ஒண்ணும் கெடையாது. கோவத்த விடு.

இந்த எடத்துல ஆட்டிப் பாக்கறேன். கரி புடிச்சிருக்கும். இந்தா ஒரு தட்டு. இந்தா இன்னொண்ணு. ஏ எஞ்சினே, ஒனக்கு மரியாதையாச் சொல்றேன், எங்க மாமனார் ஒன்ன அறுவத்தெட்டுல புதுசா வாங்கினார், அவர் பேரக் கெடுக்காதே. திருப்பறேன்… ர்ர்ர்—

டக்டக்டக்டக்டக்!

ஆ! ஆஹா! கேட்டியா! கேட்டியா தம்பி! பத்திக்கிச்சு! பாத்தியா, ரெண்டு தட்டு! மெக்கானிக்கு வந்திருந்தா ரெண்டாயிரம் குரோனா கேட்டிருப்பான், நான் நகம் தேய்க்கற அரத்துலயே முடிச்சுட்டேன்! மணி என்ன? ஆறு அம்பத்தெட்டு! போயிடலாம், போயிடலாம், பத்து நிமிஷந்தான், ஏழு எட்டுக்குப் போட்டாலும் யாருக்கும் தெரியாத எடந்தானே… கட்ட அவுத்துடு தம்பி! முன் கட்ட அவுத்து விடு! ஹாம்புஸ்!

ஹாம்புஸ்?

…எங்க போனான்? பாதி ரொட்டிய வெச்சுட்டுப் போயிட்டான். படகையும் காணோம். சொல்லாமப் போயிட்டான் பாரு, ஒரு வார்த்த… அது என்ன பெஞ்சுக்கு அடியில, வெள்ளயா?

இது…

இது எங்க கட்டில் வெளக்கு சுவிட்சுல்ல?

அடக் கடவுளே. அடக் கடவுளே, மாய்பிரித். ஆகஸ்ட்ல… ஸ்தூரே வந்துட்டுப் போனானே, அன்னைக்கு… நான்தானே இத கட்டில் வெளக்குலேர்ந்து வெட்டி எடுத்துட்டு வந்து, காயில் ஒயருக்கு நடுவுல கட்டி, பெஞ்சுக்கு அடியில ஒட்ட வெச்சேன். படக யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு. பெர்தில்கிட்ட கூட சொல்லல. எழுதிக் கூட வெக்கல, எழுதினா எவனாவது படிச்சுடுவான்னு. ஒரு நாளும் இத அமுத்தினதில்ல. நேத்து ராத்திரிதான், மொத மொதல்ல, "நாளைக்குப் பெரிய நாளு, பத்திரமா இருக்கட்டும்"னு நானே குனிஞ்சு, நானே அமுத்தி, நானே அணைச்சுட்டுப் போனேன். அவ்ளோ ரகசியம். எனக்கே தெரியாம வெச்சுட்டேன்.

இப்ப போட்டிருக்கு. யாரு போட்டா? அந்தப் பையன்தான் போட்டுட்டுப் போயிருக்கான். அதத்தான் அவன் காட்டிக் காட்டி… வாயத் தொறந்து தொறந்து… பாவம், நல்ல பையன். எனக்காக போட்டுட்டு, தன் வேலையப் பாக்கப் போயிருக்கான். எங்க போனான்னு பாப்போம்… அதோ. சத்தமே இல்லாமப் போயிருக்கான் அந்த ஃபிரிட்ஜுப் படகுல. அந்தப் பக்கம் எதுக்குப் போறான், அங்க பூனைப்பாறைதானே…

பூனைப்பாறை.

நில்லு. நின்னுட்டான். ஏன் நிக்கறான்? கழுத்தத் திருப்பறான். சர்ச்சப் பாக்கறான். சேவல… இப்ப டீச்சரம்மா கொட்டாயப் பாக்கறான். கொஞ்சம் பின்னால போறான். நிக்கறான். குனிஞ்சு ஆழம் காட்டற பொட்டியப் பாக்கறான். ஐயோ. ஐயோ ஐயோ. கூட்ட மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான், இன்னும் ஏழு அடிக்கலன்னு! சட்டப்படி நடக்கறானாம், நல்ல பையன்!

டங்… டங்… டங்…

அடிச்சாச்சு. தொபுக்கு. ஒண்ணு. மஞ்சக் கூடு, இங்கேர்ந்தே தெரியுது. ரெண்டு. மூணு… சரியா ஆறு. ஏழாவதுக்கு எடமில்ல.

நான் எடம் சொல்லல. நான் சேவலப் பத்திச் சொன்னேன், ஆப்பிள் மரத்தப் பத்திச் சொன்னேன், கயித்தப் பத்திச் சொன்னேன். எடத்தப் பத்தி ஒரு வார்த்த சொன்னேனா? இந்தக் கொடுமைய யார்கிட்டப் போயி சொல்லி அழறது? சொன்னா, அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதும்பாங்க.

ஐயோ, போன் அடிக்குது. பெர்தில்.

ஆங், சொல்லுங்க பெர்தில்… ஆமா, எடுத்துடுச்சு, கேக்குதா? நானேதான் சரி பண்ணேன்… கெளம்பிட்டேன், இதோ கெளம்பிட்டேன்… என்னது? நம்ம எடத்துலயா? யாரு? …தெரியலயே. கண்ணாடிய நல்லாத் தொடச்சுட்டுப் பாருங்க… சீச்சீ! பைபிள் மேல கை வெச்சிருக்கேன், யார்கிட்டயும் மூச்சு விடல! …வேற யாரா இருக்கும், ஒங்க தம்பி ஸ்தூரேதான்! நாப்பது வருஷமா மோப்பம் புடிச்சுட்டு அலையறானே, அவன்தான் எப்படியோ கண்டுபுடிச்சு… ஆமா, நல்லாத் தெரியுது, ஸ்தூரேவேதான். நான் என் கண்ணால பாக்கறேன்…

…என்னது?

ஸ்தூரே அங்கயா? ஒங்க பக்கத்துல ஒக்காந்து காப்பி குடிக்கறானா? …எப்பலேர்ந்து? …ஆறு மணிலேர்ந்தா?

…

ஹலோ? ஹலோ, பெர்தில்? ஒண்ணுமே கேக்கல எனக்கு… எஞ்சின் ரொம்பச் சத்தம் போடுது!